171 நாட்கள்

செவ்வாய், வியாழன், சனி. இந்த மூன்று நாளும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். அமெரிக்காவில் அப்போது இரவு. எங்கள் லீகின் கமிஷனர் தூங்கப்போகும்முன் தன் கணினியில் ஒரு பட்டனை அழுத்தியிருப்பார். ஒரு வாரத்துக்கான பேஸ்பால் ஆட்டங்கள் சில நிமிடங்களில் ஆடி முடிந்திருக்கும். மைதானம் கிடையாது, பந்து கிடையாது, வியர்வை கிடையாது. முப்பது அணிகள், அணிக்கு ஒருவராக முப்பது பேர். யார் பேட் பிடிப்பது, யாரை விற்பது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதை நாங்கள் முடிவு செய்து அனுப்புவோம். மீதியை நிரல் பார்த்துக்கொள்ளும். சீசனுக்கு 162 ஆட்டங்கள். இதுவரை பதினொரு சீசன் நடத்தியிருக்கிறேன். ஒருமுறை சாம்பியன்.

'இதெல்லாம் ஒரு பொழப்பா' என்று கேட்பவர்களுக்கு நான் பதில் எழுத வரவில்லை. என் மனைவி அந்தக் கேள்வியை இதைவிட நன்றாகக் கேட்பாள். என் சண்டை என் பக்கத்து ஆட்களோடு. 'இது மூளை இருக்கிறவன் விளையாட்டு, மேனேஜ்மென்ட் கத்துக்கொடுக்கும், மணிபால் படிச்சவனுக்குத்தான் புரியும்' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் கூட்டத்தோடு. அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் நானே பல வருடம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குள் பேஸ்பால் நடத்தும் பழக்கம் கணினிக்கு முந்தியது. 1961-இல் ஹால் ரிச்மேன் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பெயரில் அட்டைகளும் பகடைகளும் கொண்ட ஒரு பேஸ்பாலை விற்க ஆரம்பித்தார். அதற்குப் பத்து வருடம் முன்பே ஆப்பா என்ற இன்னொன்று வந்துவிட்டது. ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு அட்டை. அவனுடைய நிஜமான ஆட்டக் கணக்கு அதில் நிகழ்தகவாக மாறியிருக்கும். பகடையை உருட்டினால் ஹோம் ரன்னோ அவுட்டோ வரும். 1999-இல் மார்கஸ் ஹைன்ஸன் என்ற ஜெர்மன்காரர் 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' என்ற கணினி விளையாட்டைக் கொண்டுவந்தார். பேஸ்பால் பெரிதாக எடுபடாத நாட்டிலிருந்து வந்து, அமெரிக்கர்களே வியக்கும் அளவுக்கு அந்த ஆட்டத்தின் நிர்வாகத்தை நிரலாக்கிய மனிதர். நாங்கள் ஆடுவது அதைத்தான். அதில் ஜெனரல் மேனேஜரின் மொத்த அலுவலகமும் இருக்கிறது. ஒப்பந்தம், டிராஃப்ட், கீழ்மட்ட அணிகள், காயப் பட்டியல், இருபதிலிருந்து எண்பது வரை திறன் எண்கள். எண்கள் துல்லியமாகவும் இருக்காது, நம் ஸ்கவுட் தப்பாகக் கணித்திருக்கலாம். அருமையான விளையாட்டு. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

பிரச்சினையை நான் முதலில் பார்த்தது நிஜ பேஸ்பாலில். 2015-இல் ஆன்சைட் வேலையாக சிகாகோவில் இருந்தேன். அந்த வசந்தத்தில் ஊர் முழுக்க ஒரே பெயர்: கிரிஸ் பிரையன்ட். பயிற்சி ஆட்டங்களில் மட்டும் ஒன்பது ஹோம் ரன் அடித்திருந்தான். ஆனால் சீசன் தொடங்கியபோது கப்ஸ் அணி அவனைக் கீழ்மட்ட அணிக்கு அனுப்பியது. ஃபீல்டிங் மெருகேற வேண்டுமாம். ஏப்ரல் 17 அன்று மேலே அழைத்தார்கள். பன்னிரண்டு நாளில் ஃபீல்டிங் மெருகேறிவிட்டது போலும்.

கணக்கு எளிது. மேஜர் லீகில் 172 நாள் பட்டியலில் இருந்தால் ஒரு வருட சர்வீஸ். முழுதாக ஆறு வருடம் முடித்தால் வீரன் சுதந்திரமாகிறான், எந்த அணியோடும் பேரம் பேசலாம். பிரையன்டுக்கு அந்த சீசனில் கிடைத்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. அதனால் 2020 முடிவில் விடுதலையாகியிருக்க வேண்டியவன், 2021 முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவன் அந்த வருடமே சிறந்த புதுமுக வீரன், மறுவருடம் மிக மதிப்புமிக்க வீரன். 108 வருடம் கழித்து அந்த அணி உலகத் தொடரை ஜெயித்ததும் 2016-இல்தான். வீரர்கள் சங்கம் முறையீடு செய்தது. 2020-இல் நடுவர் அணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். விதியை மீறியதாக நிரூபிக்க முடியவில்லை.

அப்போது எனக்குக் கோபமே வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 'என்ன மூளைடா!' என்றுதான் தோன்றியது.

சில வருடம் கழித்து லீகில் சேர்ந்ததும் நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான். இருபத்தொரு வயது மூன்றாம் பேஸ்மேன் ஒருவன் என்னிடம் இருந்தான். கணினி உருட்டிப்போட்ட பெயர், கணினி வரைந்த முகம். மேலே வர எல்லாத் தகுதியும் இருந்தது. காலண்டரைப் பார்த்து, நாளை எண்ணி, 171 வரும்படி கீழே நிறுத்தினேன். அவன் பெயருக்குப் பக்கத்தில் மனநிலை சரிந்ததைக் காட்டும் சிவப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அப்படி மிச்சம் பிடித்த ஏழாவது வருடத்தில்தான் சாம்பியன் ஆனோம். லீகில் ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை, நாலு பேர் கைதட்டினார்கள்.

நிரலில் ஒவ்வொரு வீரனுக்கும் குணங்களும் உண்டு. விசுவாசம், உழைப்பு, தலைமைப் பண்பு. இன்னொன்று, பேராசை. வீரன் தன் விலையைக் கேட்டால் அது அவனுடைய பேராசை எண்ணின் வேலை. நான் அவன் விலையை அடித்துக் குறைத்தால் அது என் சாமர்த்தியம். இதை நிரல் எழுதியவரின் சதி என்று சொல்ல மாட்டேன். நிஜ பேஸ்பாலில் முதலாளிகள் நூறு வருடமாகப் பேசிய மொழி அது, நிரல் அதை விசுவாசமாக நகலெடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கர்ட் ஃபிளட் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு பன்னிரண்டு சீசன் ஆடியவர். 1969 அக்டோபரில் அவரைக் கேட்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். அன்றைய விதிப்படி ஒப்பந்தம் முடிந்தாலும் வீரன் அதே அணிக்குத்தான் சொந்தம். வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார்கள். போக மாட்டேன் என்றார். தான் வாங்கி விற்கும் பொருள் இல்லை என்று கமிஷனருக்கே கடிதம் எழுதிவிட்டு வழக்குப் போட்டார். 1970 முழுக்க ஆடவில்லை. மறுவருடம் வாஷிங்டனுக்காகப் பதின்மூன்று ஆட்டம் ஆடினார், அதோடு சரி. 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தப் பழைய விதி உடைந்தது 1975 டிசம்பரில், வேறு இரண்டு வீரர்களின் முறையீட்டில். ஃபிளடுக்கு அதனால் ஒரு காசு லாபமில்லை.

இந்த வரலாறெல்லாம் எங்கள் விளையாட்டில் இருக்கிறது. 1969-இலிருந்து தொடங்கி ஒரு லீக் நடத்தலாம், பழைய விதியை வைத்துக்கொள்ளலாம், எடுத்துவிடலாம், ஒரு டிக் குறிதான். ஆனால் எந்த நாற்காலியில் உட்கார்ந்து ஆடுகிறோம் பாருங்கள். ஃபிளடை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பினவரின் நாற்காலி. அவர் பெயர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. அவராகத்தான் நாமெல்லாம் ராத்திரி முழுக்க முழித்திருந்து ஆடுகிறோம்.

'செஸ்ஸில் சிப்பாயை வெட்டக் கொடுப்பதில்லையா? அதுக்கும் ஒரு கட்டுரை எழுதுவியா?' என்று என் லீக் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. செஸ் சிப்பாய்க்கு வயது ஏறாது. முட்டி வலி வராது. 'இந்த அணியில் சந்தோஷமாக இல்லை' என்று அது சொல்லாது. எங்கள் விளையாட்டின் ருசியே வீரர்களுக்கு வாழ்க்கை இருப்பதில்தான். அந்த வாழ்க்கையை வெறும் நகையாகப் போட்டுக்கொண்டு, முடிவெடுக்கும்போது மட்டும் 'இது வெறும் எண்ணப்பா' என்று கழற்றி வைத்துவிடுவோம். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

ராபர்ட் கூவர் 1968-இல் ஒரு நாவல் எழுதினார். அதில் ஹென்றி வா என்ற கணக்காளன் ஆபீஸ் முடிந்ததும் சமையலறை மேஜையில் பகடை உருட்டி ஒரு முழு பேஸ்பால் லீக்கையே நடத்துகிறான். அவனுக்கு மிகப் பிரியமான இளம் பிட்சர், பகடை அப்படி விழுந்ததால், பந்து பட்டுச் சாகிறான். ஹென்றி உடைந்துபோகிறான். வேலை போகிறது, புத்தி தடுமாறுகிறது. எங்கள் லீகில் இந்த நாவலைப் படித்தவர்கள் அவனைப் பைத்தியம் என்பார்கள். எனக்கு அவன்மேல் பொறாமை. தான் நடத்தும் உலகத்தில் ஒருவன் செத்ததற்கு அழத் தெரிந்தவன் அவன். நாங்கள் காயப் பட்டியலைப் பார்த்து 'சம்பளம் மிச்சம்' என்போம்.

இனி மணிபால். மைக்கேல் லூயிஸின் புத்தகம் 2003-இல் வந்தது. ஏழை அணியான ஓக்லண்ட், பில்லி பீன் என்ற ஜெனரல் மேனேஜரின் தலைமையில், எண்களை வைத்துப் பணக்கார அணிகளோடு மோதிய கதை. ஐ.டி. கம்பெனி மேனேஜர்களில் பாதிப்பேர் படத்தையாவது பார்த்திருப்பார்கள். 'டேட்டா டிரிவன்' என்ற வார்த்தை வரும் இடமெல்லாம் பிராட் பிட்டின் நிழல் விழும். முழங்கை நரம்பு பாதித்து கேட்சராக இனி ஆட முடியாது என்று எல்லாரும் கைவிட்ட ஸ்காட் ஹேட்டிபெர்க்குக்கு அந்த எண்கள்தான் மறுவாழ்வு கொடுத்தன, மறுக்கவில்லை. ஆனால் 'சந்தை குறைத்து மதிப்பிட்ட ஆள்' என்பதைக் கொஞ்சம் தமிழில் சொல்லிப் பாருங்கள். குறைந்த கூலிக்குக் கிடைக்கிற ஆள்.

எண்கள் பிறவியிலேயே முதலாளி கட்சி என்று நான் சொல்லவில்லை. இந்தப் புள்ளிவிவரப் பைத்தியத்துக்கெல்லாம் மூத்தவரான பில் ஜேம்ஸ், கான்சாஸில் ஒரு டப்பா உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக இருந்தவர். 1977-இல் தன் முதல் ஆண்டுத் தொகுப்பைத் தானே அச்சடித்து விற்றார். அவருடைய கேள்விகள் ஒரு ரசிகனின் கேள்விகள். சம்பளத் தகராறுகளில் வீரர்களின் ஏஜென்ட்டுகளுக்காகவும் அவர் கணக்குப் போட்டார். இவன் ஆட்டத்துக்கு நீங்கள் கொடுப்பது போதாது என்று சொல்லவும் அதே எண்கள் உதவின. அந்த உபயோகம் நம் கையில் எப்போதாவது வந்திருக்கிறதா?

என் கையில் வந்தது வேறு. சில வருடம் முன்பு நான் வேலை பார்த்த கம்பெனியில் டீம் லீடுகளைக் கூப்பிட்டு ஆளைக் குறைக்க வேண்டும் என்றார்கள். ஒரு எக்ஸெல் ஷீட். பெயர், ரேட்டிங், சம்பளம், சேர்ந்த தேதி. எனக்கு அந்த ஷீட் கொஞ்சம்கூட அந்நியமாக இல்லை. கை தானாகவே போய் சேர்ந்த தேதியை வரிசைப்படுத்தியது. எங்கள் டெஸ்டர் ஒருவருக்கு நான்கு வருடம் ஐந்து மாதம். அன்றைய கணக்குப்படி கிராச்சுட்டிக்கு ஐந்து வருடம் வேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வருடங்களால் பெருக்கினால் வரும் தொகை. பெரிய தொகைகூட இல்லை. 'இவரை இப்பவே முடிச்சா அதுவும் மிச்சம்' என்று சொன்னது மேனேஜர் இல்லை, எச்.ஆர். இல்லை, நான். அறையில் எல்லாரும் தலையாட்டினார்கள். லீகில் கைதட்டு வாங்கியபோது இருந்த அதே சின்னச் சந்தோஷம் எனக்குள் வந்துபோனது.

(கிராச்சுட்டிச் சட்டமும் 1972-தான். ஃபிளட் தோற்ற அதே வருடம். இதற்கு எந்த அர்த்தமும் இல்லை, கண்ணில் பட்டது, சொன்னேன்.)

அவரிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். போகும்போது என் இடத்துக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். 'என்னப்பா, இன்னும் ஏழு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா இவனுங்க?' என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த 'இவனுங்க'வில் நான் இருப்பது அவருக்குத் தெரியாது. 'ஆமாண்ணே' என்றேன்.

விளையாட்டுதான் என்னை அப்படிச் செய்யவைத்தது என்று தப்பித்துக்கொள்ள மாட்டேன். வீடியோ கேம் ஆடினால் கொலைகாரன் ஆவான் வகையறா வாதம் எனக்கும் பிடிக்காது. எனக்கு அந்தக் குணம் முன்பே இருந்திருக்கும். நான் கேட்பது ஒன்றுதான். பதினொரு சீசன் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, நாளுக்கு ஒரு மணி நேரம் ஒரே பார்வையில் மனிதர்களைப் பார்த்துப் பழகி, அதற்கு 'புத்திசாலித்தனம்' என்று பெயர் வைத்துக்கொண்டோமே, அந்தப் பெயரையாவது திருப்பிக் கொடுக்கலாம் இல்லையா?

நிஜ பேஸ்பால் வீரர்கள் எங்களைப்போல் சும்மா இருக்கவில்லை. 99 நாள் கதவடைப்புக்குப் பிறகு 2022-இல் வந்த ஒப்பந்தத்தில், சிறந்த புதுமுக வீரன் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்தில் வருபவனுக்கு நாள் குறைந்தாலும் முழு வருட சர்வீஸ் உண்டு என்று எழுதி வாங்கினார்கள். அதே வருடம் கீழ்மட்ட அணி வீரர்களும் சங்கத்தில் சேர்ந்தார்கள். நான் இந்த விதியை எங்கள் லீகிலும் வைக்கலாம் என்று முன்மொழிந்தேன். ஓட்டெடுப்பில் ஒன்பதுக்கு இருபத்தொன்று, தோற்றேன். 'வியூகத்தின் சுவை போய்விடும்' என்றார் அந்த செஸ் நண்பர்.

விளையாட்டை விடவில்லை. இந்த சீசனிலும் என்னிடம் ஒரு மூன்றாம் பேஸ்மேன் இருக்கிறான், இருபது வயது. முதல் நாளே மேலே ஏற்றினேன். .198 அடிக்கிறான். போன சனிக்கிழமை அவன் விட்ட இரண்டு பந்தில் ஆட்டம் போயிற்று, கடைசி இடத்தில் இருக்கிறோம். மனநிலை மட்டும் பச்சையில் இருக்கிறது.