கேள்வி கேட்பவருக்கும் பரீட்சை

வேலைக்கு ஆள் எடுக்கும் பெரியோர்களை நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். மேஜைக்கு எதிரே நெஞ்சு படபடக்க அமர்ந்திருக்கும் இளைஞனிடம் தாங்கள் கேட்கும் கேள்விகளுக்கும், அவன் செய்யப்போகும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்ரீநகரில் ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில் மாணவர்களைச் சேர்த்த விதம் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு வரையில் வழக்குப் போயிற்று. அங்கே எழுத்துப் பரீட்சைக்கு 100 மார்க்கு. பேட்டிக்கு 50 மார்க்கு. ஒவ்வொருவரிடமும் பேசியது இரண்டு மூன்று நிமிஷந்தான். தகப்பனார் யார், ஊர் எது என்று விசாரித்ததோடு சரி. பாடத்தைப் பற்றிய கேள்வி அநேகமாக இல்லை என்பது மனுதாரர்களின் முறையீடு. 1980-இல் தீர்ப்பளித்த நீதிபதிகள், மொத்த மார்க்கில் நூற்றுக்குப் 15-க்கு மேல் பேட்டிக்கு ஒதுக்குவது நியாயமன்று என்றார்கள். பேட்டியை ஒலிப்பதிவு செய்து வைப்பது நலம் என்றும் யோசனை கூறினார்கள். கல்லூரிக்குச் சொன்ன இந்தப் புத்தி உத்தியோகசாலைகளுக்கும் பொருந்தும். தகப்பனாரைப் பற்றி விசாரித்தால் தகப்பனாரைப் பற்றித்தானே தெரியவரும்?

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தாமஸ் எடிஸன் தம்மிடம் வேலை தேடி வந்த பட்டதாரிகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்தார். பிரான்ஸைச் சூழ்ந்த தேசங்கள் எவை, வால்கா நதி எங்கே இருக்கிறது என்பன போன்ற கேள்விகள் அவை. 1921-இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் இதுவே பேச்சாயிருந்தது. அப்போது அங்கே வந்திருந்த ஐன்ஸ்டீனிடம், ஒலியின் வேகம் என்னவென்று கேட்டார்கள். புத்தகத்தில் பார்த்தால் தெரிகிற விஷயத்தைத் தாம் மனத்தில் சுமப்பதில்லை என்று அவர் சொல்லிவிட்டார்!

பின் என்னதான் கேட்பது? அந்த வேலையில் அமர்ந்தவர்கள் எந்த இடத்தில் இடறுகிறார்கள் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். கேள்வி அங்கிருந்து பிறக்கட்டும். காசாளர் வேலைக்கு வந்தவரிடம், “நீங்கள் நாணயமானவர்தானே?” என்று கேட்டால் இல்லையென்று எவர் சொல்வார்? “கணக்கும் கையிருப்பும் ஒத்துவராத நாள் ஒன்றைச் சொல்லுங்கள். முதலில் எதைப் பார்த்தீர்கள்? யாரிடம் சொன்னீர்கள்? முடிவு என்னவாயிற்று?” என்று கேட்டுப் பாருங்கள். அனுபவமுள்ளவர் தேதியும் தொகையுமாகச் சொல்வார். கதை கட்டுகிறவர் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவார். வேலைக்குப் புதியவரானால், பிழையுள்ள கணக்குத்தாள் ஒன்றைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

கேட்ட பிறகு சற்று மௌனமாக இருப்பதும் அவசியம். பதிலையும் தாமே எடுத்துக் கொடுத்துவிட்டு, “பையன் கெட்டிக்காரன்” என்று மெச்சுகிற கனவான்கள் அநேகர்!

எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு, அடுத்தவர் உள்ளே வருமுன் மதிப்பைக் குறித்து வைக்கவேண்டும். ஷ்மிட், ஹண்டர் என்னும் இரு அமெரிக்க உளநூலார், 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்டார்கள். இவ்விதம் ஒழுங்கு செய்த பேட்டி, மனம்போனபடி நடத்தும் பேட்டியைவிட ஒருவருடைய வேலைத்திறனை நன்கு காட்டுகிறது என்பது அவர்கள் முடிவு. 2022-இல் நடந்த மறு ஆராய்ச்சியும் இதையே வற்புறுத்தியது.

மத்திய சர்க்கார் கீழ்நிலைப் பதவிகள் பலவற்றுக்கு 2016 ஜனவரி முதல் பேட்டியையே நிறுத்திவிட்டது. சிபார்சுக்கு இடமாகிவிட்ட பேட்டி இல்லாமற் போவதே மேல் என்று ஜனங்கள் எண்ணியதில் வியப்பில்லை. ஆயினும் கடைகளும் ஆலைகளும் ஆபீஸுகளும் நேரில் பார்த்துத்தான் ஆள் எடுக்கின்றன. ஓரிடத்துக்கு நூறு பேர் வந்தால் தொண்ணூற்றொன்பது பேர் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதுதான். ‘என் குலத்தை விசாரித்தார்கள்’ என்ற மனக்கசப்போடு அவர்கள் வீடு திரும்பலாகாது. ‘என் வேலையைப் பற்றிக் கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லிக்கொள்பவன் அடுத்த முறைக்குத் தயாராகி வருவான்.