பிஷப் பெர்க்ராவின் ராஜீநாமா

உப்பிட்ட கையை எதிர்க்கலாகாது என்னும் நியாயம் அதிகார வர்க்கத்தாருக்கு எக்காலத்தும் உவப்பானது. நார்வே தேசத்தில் 1942-ஆம் வருஷத்தில் இந்நியாயம் பட்ட பாட்டை நமது வாசகர்கள் அறிவது நலம்.

அந்நாட்டு லூதரன் திருச்சபை அப்பொழுது ராஜாங்கத் திருச்சபை. பிஷப்புமாரை நியமிப்பவர் அரசர். பாதிரிமாருக்குச் சம்பளம் அளிப்பது சர்க்கார் பொக்கிஷம். ஆளுவோர்க்குக் கீழ்ப்படிய வேண்டுமென்ற அப்போஸ்தலர் பவுலின் உபதேசத்தை லூதர் வழியினர் அழுத்தமாகப் பற்றி நின்றவர்கள். அத்தகைய சபையில் ராஜாங்க எதிர்ப்பு முளைக்குமென்று எவர்தாம் எண்ணியிருப்பர்?

ஒஸ்லோ பிஷப் ஐவின்ட் பெர்க்ராவ் 1884-ல் பிறந்தவர். உபாத்தியாயர், பத்திரிகாசிரியர், சிறைச்சாலைப் பாதிரியார், நாட்டின் வடகோடியில் பிஷப் எனப் பல பணிகளைப் பார்த்து 1937-ல் தலைநகரை அடைந்தார். அவரைப் பிறவி வீரரென்று நாம் புகழப் போவதில்லை. 1940 ஏப்ரலில் ஜெர்மானியர் படையெடுத்த பொழுது, பொதுஜனங்கள் சண்டையில் தலையிட வேண்டாமென்று வானொலியிற் பேசினார். உயிர்ச்சேதத்தைத் தவிர்க்கும் நோக்கம் அச்செய்கையை விளக்குமேயன்றி நியாயமாக்காது என்பதே நமது அபிப்பிராயம்.

ஆனால் சட்டம் சிதைவதைக் கண்ட பின் அவர் தயங்கினாரல்லர். 1940 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஒருங்கே பதவி துறந்தனர். பாதிரியாரிடம் அந்தரங்கமாகச் சொல்லப்பட்டதையும் போலீசாருக்கு வெளியிட வேண்டுமென்று கட்டளை பிறந்தது. கட்சிக்காரனின் ரகசியத்தைக் காவாத வக்கீல் எப்படிப்பட்டவனோ, அப்படிப்பட்டவனாகப் பாதிரியையும் ஆக்கப் பார்த்தனர். பிஷப்புமார் 1941 ஆரம்பத்தில் இவற்றைக் கண்டித்துச் சபையாருக்கு நிருபம் விடுத்தனர். வண்டிக்காரனுக்குப் புத்தி பேதலித்துவிட்டால் கீழ்ப்படியாமையே கடமையாகும் என்பதற்கு, லூதரின் எழுத்துக்களையே பெர்க்ராவ் ஆதாரமாக்கினார்!

1942 பிப்ரவரி 1-ஆம் தேதி குவிஸ்லிங் அரசாங்கத் தலைவரானார். (அவர் பெயர் உலகமெங்கும் தேசத் துரோகத்துக்கே மறுபெயராயிற்று.) அன்றே டிராண்ட்ஹைம் தேவாலயத்தில் டீன் பியெல்பு நடத்திய ஆராதனைக்கு வந்த ஜனங்களைப் போலீசார் தடுத்தனர், அவர்கள் கடுங்குளிரில் வெளியே நின்று லூதரின் கீர்த்தனையைப் பாடினர். பியெல்பு நீக்கப்பட்டார். பிப்ரவரி 24-ல் ஏழு பிஷப்புமாரும் ராஜீநாமாச் செய்தனர்.

இந்த ராஜீநாமாவின் நுட்பமே நாம் கவனிக்கத்தக்கது. ராஜாங்கம் கொடுத்த உத்தியோகத்தை அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். குருப்பட்டத்தால் வந்த ஊழியத்தை விடவில்லை. முன்னதை ரத்துச் செய்யச் சர்க்காருக்கு அதிகாரமுண்டு. பின்னதைத் தொடவும் உரிமையில்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று ‘சபையின் அஸ்திவாரம்’ என்னும் பிரகடனம் கோயில்களில் வாசிக்கப்பட்டது. பாதிரிமாரில் பத்தில் ஒன்பது பங்கினர் சர்க்கார் பதவியைத் துறந்து, சபையார் தந்த உதவியில் ஊழியத்தை நடத்தினர். கட்சியின் உபாத்தியாயர் சங்கத்திற் சேர மறுத்த ஆசிரியர்களும் அதே வருஷத்தில் ஆயிரக்கணக்கில் எதிர்த்து நின்றனர்.

பெர்க்ராவ் கைது செய்யப்பட்டு, ஆஸ்கர் என்னுமிடத்துச் சிறு வீட்டில் 1945 ஏப்ரல் வரையில் தனிக்காவலில் வைக்கப்பட்டார். காவலர் சிலரே அவர்பால் அனுதாபங் கொண்டனராம்.

யுத்தம் முடிந்து சுதேச அரசாங்கம் திரும்பிய பின்னும் அவர் வாய் மூடியிருக்கவில்லை. 1952-ல் ஹானோவர் நகரத்து லூதரன் உலக மகாநாட்டில், ஜனங்களின் க்ஷேமம் முழுவதையும் தானே ஏற்றுக்கொள்ளும் ராஜாங்கமும் ஒரு நாள் மனச்சாக்ஷியின் மீது கை வைக்கும் என்று எச்சரித்தார். நார்வேயின் புதிய ஆட்சியாளருக்கு இது இனித்திருக்க முடியாது. 1959-ல் அவர் காலமானார்.