தொற்றாத கணக்கு

பிளஸ் டூ முடிவோடு மேற்படிப்பு வழிகாட்டி இணைப்புகளும் வந்துவிடும். எபிடெமியாலஜிக்கு அவற்றில் 'தொற்றுநோயியல்' என்று பெயர்; கிருமியைத் துரத்தும் படிப்பு என்று விளக்கம். இந்தச் சொல்லோடு எனக்குப் பகை. யாருக்கு, எங்கே, எப்போது, ஏன் என்று எந்த நோயையும் எண்ணிப் பார்க்கிற துறை அது. தொற்று என்று வாசலிலேயே எழுதி வைத்தால் பேறுகாலத்தில் சாகும் பெண்ணும் எடை குறைந்து பிறக்கும் பிள்ளையும் எந்த வழியாக உள்ளே வருவார்கள்? பிரிட்டிஷ் மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட்டின் வேலையை அந்தச் சொல்லில் அடக்கவே முடியாது.

1950களில் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த அவருக்கு உறுத்தியது ஒரு வயதுக் கணக்கு. ரத்தப் புற்றுநோயில் இறக்கும் பிள்ளைகளில் இரண்டு முதல் நான்கு வயதுக்காரர்கள் அதிகம். அப்படியென்றால் வினை கருவிலேயே தொடங்கியிருக்க வேண்டும். தாயைத்தான் கேட்க வேண்டும். லேடி டாட்டா நினைவு நிதி தந்த 1,000 பவுண்டில் வினாத்தாள் அச்சாகி, பிரிட்டன் முழுவதும் சுகாதார அதிகாரிகள் வழியே வீடு வீடாகப் போனது. வீட்டில் கோழி உண்டா, பிள்ளை வண்ண மிட்டாய் தின்றதா என்றெல்லாம் கேள்விகள். நடுவில், கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று ஒன்று. சிசு கிடக்கும் நிலை பார்க்க அன்று சர்வசாதாரணமாக எடுத்த படம்தான். புற்றுநோயில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களில், வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்கள் மற்றத் தாய்மார்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. 1956இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்.

பிள்ளையை இழந்தவள் எல்லாவற்றையும் துருவித் துருவி நினைப்பாள், அந்த நினைவை நம்பலாமா என்றார்கள் எதிர்த்தவர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் துக்கம் நினைவைப் பெருக்குமானால் கோழியையும் மிட்டாயையும் அதே அளவு பெருக்கியிருக்க வேண்டாமா? புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ரிச்சர்ட் டாலின் குழுவினர் 1960இல் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டி, அப்படித் தொடர்பில்லை என்றார்கள். அந்தப் பெயரின் கனம் அப்படி, பலருக்கு விவாதமே முடிந்துபோனது. 1962இல் அமெரிக்காவில் பிரையன் மக்மேஹன் என்ற ஆய்வாளர், யார் நினைவையும் கேட்காமல் பதிவேடுகளையே வைத்து எண்ணினார். கருவில் எக்ஸ்ரே பட்ட பிள்ளைகளிடையே புற்றுநோய்ச் சாவு சுமார் 40 சதவீதம் கூடுதல். இரு மடங்கு இல்லைதான், ஆனால் திசை மாறவில்லை. பிரசவ வார்டுகளில் படம் எடுப்பதோ ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. 1997இல் டால், சக ஆய்வாளர் வேக்ஃபோர்டோடு சேர்ந்து அதுவரை வந்த சான்றுகளை மறுபடி எடைபோட்டு, கருவிலிருக்கும் சிசுவுக்கு எக்ஸ்ரே ஆபத்துதான் என்று எழுதினார். ஸ்டூவர்ட்டுக்கு அப்போது வயது 90.