சரித்திர விளையாட்டில் எவருக்கு இடம்?

கணினித் திரையிலே மன்னரும் மாயாவிகளும் பொருதும் விளையாட்டுக்களைச் சிறுவர் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுதல் இனி இயலாது. பாடநூலினும் முந்திக்கொண்டு, பல மாணவர்க்கு அவையே சரித்திர ஆசானாகிவிட்டன. ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களின் இளைஞரும் இதற்கு விலக்கல்லர்.

2025-இல் வெளிவந்த ‘அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்’ பதினாறாம் நூற்றாண்டு யப்பானைக் களமாகக் கொண்டது. அதன் இரு தலைமைப் பாத்திரங்களுள் ஒருவர் யசூகே என்னும் ஆபிரிக்கர். யப்பானிலே கறுப்பின வீரனுக்கு ஏது இடமென்று பலர் கொதித்தெழுந்தனர். யசூகேயோ 1581-இல் ஓடா நொபுநாகாவிடம் பணிக்கமர்ந்தவர். அக்காலத்து ஏடுகளே அவரைக் குறிப்பிடுகின்றன. அவர் சாமுராய்தானா என்று ஆராய்ச்சியாளர் வாதிடலாம். அங்கே வாழ்ந்தார் என்பதில் ஐயமில்லை. முன்னோர் நினைவைத் தோண்டியெடுக்கும் இயந்திரத்தை முகஞ்சுளியாது ஏற்றுக்கொண்டவர்கள், கறுத்த முகமொன்றைக் கண்டதும் ஆதாரம் கேட்கிறார்கள்!

சரித்திரம் வழுவலாகாது என்பார் கூற்றை முற்றாகத் தள்ளுவதற்கில்லை. ஆயின், ஆதாரம் எவரிடம் கேட்கப்படுகிறது?

மலையகத்தார்க்கு இது பழகிய குரல். 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ, இன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமையை நிறுவுமாறு கேட்டது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயங்களிலே பத்திரத்துக்கு எங்கே போவது? முதலிற் கோப்பியையும் பின்னர்த் தேயிலையையும் வளர்த்தோரின் வழித்தோன்றல்கள், ஏட்டில் இல்லாமையால் நாட்டிலும் இல்லாதவராயினர். அவர்களுள் எஞ்சியோர்க்கும் வழிதிறந்த சட்டம் 2003-இலேதான் வந்தது.

திரையிலே தமிழர் இல்லாமலில்லை. ‘ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்’ இரண்டாம் விளையாட்டு, ‘இந்தியர்’ என்று ஒன்றாய்க் கட்டியிருந்தோரை 2022-இல் பிரித்துத் திராவிடர்க்குத் தனியிடமும், இராசேந்திர சோழனுக்கொரு போர்க்கதையும் அளித்தது. மகிழ்ச்சியே. ஆனால் சோழன் கொடி பறப்பதனால், கொழுந்துக் கூடை சுமந்தவள் கதை சொல்லப்பட்டதாகுமா?

நாளை எவரேனும் கண்டி இராச்சியத்தை மாயக்கதையாக்கலாம். 1739 முதல் 1815 வரை அதை ஆண்டோர் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் மரபினர். சிங்களப் பிரதானிகளும், பொதிமாடு ஓட்டிய முஸ்லிம் வணிகரும் அந்நாட்டில் இருந்தனர், கரையோரத்தில் ஒல்லாந்தர். அங்கே ஒரேவகை முகத்தை வரைந்தாற்றான் சரித்திரப் பிழை.

தோட்டத்தாரின் கதைக்கும் களம் ஆயத்தமாகவே இருக்கிறது. இருநூறாண்டு நிறைவையொட்டி 2023-இலே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் முன்னோர் தடத்தில் நடந்தனர். காடும் கொடுவிலங்கும் வாந்திபேதியும் கங்காணியின் கடன்துண்டும் நிறைந்திருந்த அவ்வழியை விளையாட்டாக்க முற்படும் இளைஞனுக்கு, அரக்கரைத் தனியே கற்பனை செய்யும் வேலை இராது.