‘டாப் எண்ட்’ என்னும் மயக்கம்

நடுத்தர செடான் ஒன்றைப் புதிதாக வாங்க முற்படும் குடும்பங்களிடையே, கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் மட்டுமன்றித் தமிழகம் முழுவதிலும், ‘எடுத்தால் டாப் எண்டுதான் எடுக்க வேண்டும், கீழ்வகையை எடுத்தவர் பாதிக் காரைத்தான் வாங்கியிருக்கிறார்’ என்னும் நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. இந்நம்பிக்கை பிழையானது; குடும்பத்தின் சேமிப்பைக் கரைப்பதோடு, உயிர்காக்கும் கருவிகளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியையும் மறக்கச் செய்வது.

‘வேரியன்ட்’ என்று ஷோரூம்களில் சொல்லப்படும் வகை என்பது, ஒரே உடற்கூட்டைக் கொண்ட காரில் வசதிகளைக் கூட்டியும் குறைத்தும் நிறுவனம் தன் விற்பனைக்கு ஏற்ப வகுத்துக்கொள்ளும் படிவரிசையே ஆகும். 2023 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டு வந்த ஹோண்டா சிட்டியின் பெட்ரோல் காரில் எஸ்வி, வி, விஎக்ஸ், இசட்எக்ஸ் என நான்கு வகைகள் இருந்தபோதிலும், நான்கிலும் எஞ்சின் ஒன்றே: 1,498 சிசி கொள்ளளவு, 121 பிஎஸ் திறன். ஆனால் மோதலின்போது விரிந்து உடலைத் தாங்கும் காற்றுப் பைகளான ஏர்பேக்குகள், அதன் கீழிரு வகைகளில் நான்காகவும் மேலிரு வகைகளில் ஆறாகவும் அமைந்தன. இருங்காட்டுக்கோட்டை ஆலையில் உருவாகி அதே மாதத்தில் வெளிவந்த ஹூண்டாய் வெர்னாவிலோ அடிப்படை வகையான இஎக்ஸிலேயே ஆறு ஏர்பேக்குகள் இருந்தன. முன்செல்லும் வண்டியைக் கண்டறிந்து எச்சரித்து, வேண்டுமானால் தானே பிரேக்கும் போடும் ‘அடாஸ்’ ஏற்பாடு, சிட்டியில் இரண்டாம் படியிலிருந்தே கிடைக்க, வெர்னாவில் உச்ச வகைக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தில் உச்சியில் இருப்பது மற்றொன்றில் அடியில் இருக்குமானால், உச்சி என்னும் சொல் தரத்தின் அளவுகோலாக இருக்க முடியாது.

இதற்கு இன்னும் தெளிவான சான்று ஸ்கோடா ஸ்லாவியா. 2022இல் அது வெளிவந்தபோது கீழ்வகைகளில் இரண்டு ஏர்பேக்குகளும் மேல்வகையான ஸ்டைலில் ஆறும் இருந்தன; 2024இல் எல்லா வகைகளுக்கும் ஆறு என்று நிறுவனமே மாற்றியது. மேல்வகையின் தனிச்சிறப்பாக விற்கப்பட்ட ஒன்று இரண்டே ஆண்டுகளில் பொதுவுடைமை ஆயிற்று என்றால், அது அதுவரை கீழ்வகைக்கு மறுக்கப்பட்டதற்குத் தொழில்நுட்பம் காரணமாக இருந்திருக்க வழியில்லை.

இனிச் செலவைக் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரே காரின் நடுவகை 13 லட்சம், மேல்வகை 16 லட்சம் என்று கொண்டால், இடையிலுள்ள 3 லட்சத்தில் ஏறத்தாழ 86,000 ரூபாய், 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய கார்களுக்கு நடப்பிலுள்ள 40 விழுக்காடு ஜிஎஸ்டி. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்குத் தமிழக அரசு 2023 நவம்பரிலிருந்து விதிக்கும் 18 விழுக்காடு ஆயுள்கால வரி, இந்த 3 லட்சத்துக்கு மட்டும் மேலும் 54,000 ரூபாய். ஆக 3,54,000 ரூபாயைக் கூடுதலாகக் கொடுக்கும் குடும்பத்துக்கு, வரி போக, நிறுவனம் விற்பனையாளர் இருவரின் ஆதாயமும் அடங்கிய ஏறத்தாழ 2,14,000 ரூபாய்ப் பொருளே வந்து சேர்கிறது.

‘விற்கும்போது நல்ல விலை போகும்’ என்பது இதற்குச் சொல்லப்படும் மறுமொழி. ஆனால் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் காரின் மதிப்பைத் தேய்மானம் கழித்துக் கணிக்கும் அட்டவணையில், நான்கு ஆண்டு கடந்து ஐந்தாம் ஆண்டில் நடக்கும் காருக்கு எல்லா வகைக்கும் ஒரே 50 விழுக்காடுதான் கழிக்கப்படுகிறது. எனவே அதிகம் கொடுத்தவர் அதிகம் இழக்கிறார்.

கடலூர் மாவட்டத்தின் மண்ணும் மழையும் இந்தக் கணக்கை மேலும் உறுதிப்படுத்துகின்றன. சிட்டியின் கீழ்வகை 185/60 ஆர்15 டயரில் ஓட, உச்ச வகை 185/55 ஆர்16 டயரில் ஓடுகிறது. இவ்வெண்களின்படி, பள்ளத்தில் விழும் அதிர்ச்சியை முதலில் வாங்கும் டயரின் பக்கச்சுவர் கீழ்வகையில் 111 மில்லிமீட்டர், உச்ச வகையில் 102 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மழைக்குப் பின் குழிவிழுந்த சாலையில் செல்வோருக்கு அந்த 9 மில்லிமீட்டர் ரப்பர், ரிம்மின் பளபளப்பைவிடப் பயனுடையது. கூரையில் திறக்கும் சன்ரூஃபோ, அக்கினி நட்சத்திர வெயிலில் மூடியே கிடப்பது. அதன் மூலைகளிலிருந்து தூண்களின் உள்ளே இறங்கும் மெல்லிய வடிகுழாய்கள் தூசியாலும் சருகாலும் அடைபட்டால், ஐப்பசி மழை இருக்கையில் இறங்கும். 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரில் புகுந்ததைப் போன்ற வெள்ளத்தில், எஸ்வியும் இசட்எக்ஸும் தரையிலிருந்து ஒரே 165 மில்லிமீட்டர் உயரத்தில்தான் நிற்கும். எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் ஏற்படும் பழுதைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏற்பதில்லை. அதற்கெனத் தனியே உள்ள ‘எஞ்சின் பாதுகாப்பு’ச் சேர்ப்புக்கு, மேல்வகையைத் தவிர்ப்பதால் மிச்சமாகும் தொகையின் சிறு பகுதியே போதும்.

அடிப்படை வகையே எப்போதும் சரி என்பது இதன் முடிவன்று. 2022இல் ஸ்லாவியா வாங்கியவர் ஆறு ஏர்பேக்குகளுக்காக மேல்வகைக்கு ஏறியிருந்தால் அது நியாயமான செலவே. ஏறுவதற்கு வேண்டியது காரணமே தவிர, தெருவார் மதிப்பு அன்று. ஆறு ஏர்பேக், வண்டி சறுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்து நேராக்கும் இஎஸ்சி, பின்னிருக்கையின் நடுவில் அமரும் பிள்ளைக்கும் மூன்றுமுனை பெல்ட் ஆகிய மூன்றும் எந்தப் படியில் முதலில் ஒன்றுசேர்கின்றனவோ, குடும்பம் அந்தப் படியில் நின்றுவிடலாம். அதுவே அந்தக் குடும்பத்துக்கு முழுக் கார்.