மீன் தொட்டிக்கு எந்தப் பசை?

அக்ரிலிக் தகட்டை வெட்டி நாமே ஒரு மீன் தொட்டி செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறதா? பேஷாகச் செய்யலாம்! அளவு கொடுத்தால் தகட்டை அறுத்துத் தந்துவிடுவார்கள். எதைக் கொண்டு ஒட்டுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

கடையில் எடுத்து நீட்டுவது ஸிலிக்கோன். கண்ணாடித் தொட்டிக்கு அது உத்தமமான சரக்குத்தான். உடும்புப் பிடியாகப் பிடிக்கும். அக்ரிலிக்கின் மேலோ சும்மா படிந்திருக்கும், அவ்வளவே. தண்ணீர் நிரம்பியதும் அக்ரிலிக் சுவர் லேசாக வெளியே வளையும். நாளாவட்டத்தில் ஸிலிக்கோன் வாழைப்பழத் தோல் போல உரிந்து வரும். அப்புறம் வேறு மருந்து போடலாம் என்றால், அதைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்காமல் எதுவும் பிடிக்காது. நொடியில் ஒட்டும் பசையும் வேண்டாம். ஓரமெல்லாம் வெள்ளை பூத்து, ஒரு தட்டுக்கு விட்டுக்கொடுக்கும்.

தொட்டிதானே என்று நினைக்காதீர்கள். நீளம் 60, அகலம் 30, உயரம் 30 சென்டிமீட்டர் உள்ள சின்னத் தொட்டியிலேயே 54 கிலோ தண்ணீர் நிற்கிறது! பெர்லின் நகரத்து ஹோட்டல் ஒன்றில் 10 லட்சம் லிட்டர் பிடிக்கும் அக்ரிலிக் தொட்டி இருந்தது. 2022 டிசம்பர் 16-ம் தேதி விடியற்காலையில் அது வெடித்துச் சிதறியது. சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை மாண்டன. ஆராய்ந்த நிபுணரால் காரணம் இதுதான் என்று அறுதியிட முடியவில்லை. அவர் காட்டிய மூன்று சாத்தியங்களில் ஒன்று, ஒட்டிய மூட்டு விட்டுப்போனது.

சரி, எதை வாங்குவது? அக்ரிலிக் சிமெண்ட் என்று கேளுங்கள். பெயர்தான் சிமெண்ட், தண்ணீராக ஓடும் கரைப்பான் அது. இரண்டு விளிம்புகளையும் கொஞ்சம் இளக்கி, ஒன்றோடொன்று கலக்க விட்டு, தான் ஆவியாகப் போய்விடும். மிஞ்சுவது ஒரே தகடு! ஊசிமுனைக் குப்பியால் ஓரமாக விட்டால் இடுக்கு தானே உறிஞ்சிக்கொள்ளும். விளிம்பு மட்டமாக இருக்க வேண்டும், அது முக்கியம். நெருப்புக் காட்டிப் பளபளப்பாக்கிய விளிம்பில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். சற்று இடைவெளி விழுந்த மூட்டுக்குக் கெட்டியான சிமெண்ட் இருக்கிறது. பெரிய தொட்டி என்றால், இரண்டு பாகமாக வந்து கலந்து ஊற்றும் வகைதான் பலம்.

நம் ஊர்ப் பட்டறைகளில் குளோரோபாரத்தை விட்டே ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டத்தான் செய்கிறது, ஆனால் மூச்சுக்கு ஆகாது. டைகுளோரோமீத்தேன் சேர்ந்த சிமெண்டும் அப்படியே. வீட்டு உபயோகத்துக்கு அதை விற்பதற்கு அமெரிக்காவில் 2024-ல் தடைவிதி கொண்டுவந்தார்கள். எதுவானாலும் மொட்டை மாடியில், குழந்தைகளும் நெருப்பும் அண்டாத இடத்தில் வேலை நடக்கட்டும்.

ஒட்டியபின் ஒரு வாரமாவது காயவிடுங்கள். பிறகு முற்றத்தில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் தொட்டியை வைத்து, தண்ணீர் நிரப்பி இன்னொரு வாரம் பாருங்கள். சொட்டுத் தண்ணீர் கசிந்தாலும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். மீன் வாங்க அப்புறம் கிளம்பலாம்.