99 கி.மீ. சாலை என்றால் கேள்வியே கிடையாது: கோச்சடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விதி

“ரோடு ஏறிக்கிட்டே போகுது, வீடு இறங்கிக்கிட்டே போகுது.” மதுரையில் மழைக்காலம் வந்தால் தெருவுக்குத் தெரு கேட்கும் புலம்பல் இது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடப் போட, சாலை ஒவ்வொரு முறையும் சில அங்குலம் உயர்கிறது. பத்துப் பதினைந்து வருடத்தில் வாசற்படி சாலைக்குக் கீழே போய்விடுகிறது. அப்புறம் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்க வேண்டியதுதான். 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று எல்லாத் துறைகளுக்கும் எழுத்துபூர்வமாக அறிவுறுத்தினார். ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதித்தான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

தெருச் சாலைக்கே இப்படி என்றால், ஒரு பெரிய சாலையை இருவழியிலிருந்து நான்குவழியாக அகலப்படுத்தும்போது என்ன ஆகும்? தண்ணீர் எந்தப் பக்கம் போகும், எத்தனை மரம் போகும், ரோட்டுக்கான மண் எந்த ஊரிலிருந்து வரும் என்பதையெல்லாம் வேலை தொடங்கும் முன்பே யாராவது உட்கார்ந்து பார்க்கிறார்களா? பார்ப்பதற்கு இந்தியாவில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் மதுரை போன்ற ஊர்களில் நடக்கும் பெரும்பாலான சாலை விரிவாக்கங்களை அந்த ஏற்பாடு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்த ஏற்பாட்டின் பெயர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. 2006-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைதான் இதற்கு அடிப்படை. பட்டியலில் உள்ள பெரிய திட்டங்கள் என்றால் பொதுவாக முதலில் என்னென்ன பாதிப்புகளை ஆராய வேண்டும் என்று வரையறுக்க வேண்டும். பிறகு வரைவு அறிக்கை. அதன் சுருக்கம் உள்ளூர் மொழியில் வர வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி தலைமையில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். கடைசியில் நிபுணர் குழு பரிசீலித்த பிறகே அனுமதி. காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான்.

சிக்கல் பட்டியலில் இருக்கிறது. புதிய தேசிய நெடுஞ்சாலை என்றால் அனுமதி கட்டாயம். ஏற்கெனவே உள்ள நெடுஞ்சாலையை விரிவாக்குவது என்றால், 2006-ல் இருந்த எல்லை 30 கி.மீ. நீளமும் 20 மீட்டருக்கு மேற்பட்ட கூடுதல் அகலமும். 2013 ஆகஸ்டில் அதைத் தளர்த்தினார்கள். இப்போது 100 கி.மீ.க்கு மேல் நீளம் இருக்க வேண்டும். கூடுதலாக எடுக்கும் நிலம் பழைய தடத்தில் 40 மீட்டரையும், தடம் மாறும் இடங்களிலும் புறவழிச்சாலைகளிலும் 60 மீட்டரையும் தாண்ட வேண்டும். அப்போதுதான் ஆய்வு. மாநில நெடுஞ்சாலை விரிவாக்கம் என்றால் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதி, சூழல் கூருணர்வுப் பகுதி ஆகியவற்றுக்கு மட்டும்தான் கேள்வி. சமவெளிக்கு இல்லை. மாவட்டச் சாலைகள் இந்தப் பட்டியலிலேயே வராது.

மதுரை சமவெளி. அவ்வளவுதான், கதை முடிந்தது.

நத்தம் சாலையை எடுத்துக்கொள்வோம். 2023 ஏப்ரலில் பிரதமர் மோடி திறந்துவைத்த மதுரை நகரின் 7.3 கி.மீ. பறக்கும் சாலையையும், அதே தேசிய நெடுஞ்சாலை 785-ன் 24.4 கி.மீ. நான்குவழிப் பகுதியையும் கூட்டினால் 32 கி.மீ.கூட வராது. நகரின் ஒரு பக்கத்தையே மாற்றிப்போட்ட திட்டம் அது. 2006-ன் 30 கி.மீ. எல்லையையாவது அந்த நீளம் தொட்டிருக்கும். 2013-ன் 100 கி.மீ. எல்லைக்கு முன் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

நீளத்தைத் துண்டு போட்டால்?

இங்கேதான் இன்னொரு வழியும் திறக்கிறது. உத்தராகண்டின் சார்தாம் சாலைத் திட்டம் ஏறக்குறைய 900 கி.மீ. அது 53 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டும் 100 கி.மீ.க்குக் கீழே. இமயமலையை வெட்டிப் போடும் சாலைக்கு முழுமையான தாக்க மதிப்பீடு தேவைப்படாமல் போனது.

தமிழ்நாட்டிலும் இது நீதிமன்றம் வரை போனது. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை சுமார் 180 கி.மீ. சாலை விரிவாக்கம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கச் சொன்னது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. எடுக்கும் நிலம் 40, 60 மீட்டர் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆகவே அனுமதி தேவையில்லை என்பது அதன் முடிவு. அதேசமயம், சட்டத்திலிருந்து நழுவுவதற்காகத் திட்டத்தைத் துண்டு போடும் உத்தியை ஏற்க முடியாது என்றும், இப்படிப் பிரிப்பது பற்றி ஆராய நிபுணர் குழு அமைக்க வேண்டும் என்றும் சொன்னது. விதியை அப்படியே படித்தால் உச்ச நீதிமன்றம் சொன்னது சரி. அப்படியென்றால் விதிதான் தவறு.

ஏன் தவறு? மழைத்தண்ணீர் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து ஓடுவதில்லை. ஒரு சாலை ஒரு கண்மாயின் வரத்துக் கால்வாயைக் குறுக்கே வெட்டுவதற்கு 100 கி.மீ. தேவையில்லை. முப்பது அடி போதும்.

கோச்சடையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஊருக்கு வடக்கே வைகை. தெற்கே, வைகைத் தண்ணீரைக் கால்வாய் வழியாக வாங்கும் மாடக்குளம் கண்மாய். இரண்டுக்கும் இடையில் காளவாசல் பக்கமிருந்து துவரிமான், மேலக்கால் நோக்கிப் போகிறது மேலக்கால் மெயின் ரோடு. முன்பு வயல் இருந்த இடங்களில் இப்போது அடுக்குமாடிகள், பள்ளிகள், மருத்துவமனைகள். போக்குவரத்து கூடிக்கொண்டே போகிறது. இந்தச் சாலை இன்னும் அகலமாக வேண்டும் என்று கேட்பவர்கள் தவறாகக் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் போக முடியாத சாலை யாருக்கும் நல்லதில்லை.

ஆனால் அகலப்படுத்தும்போது சாலை உயரும். உயர்ந்த சாலை என்பது ஒரு கரை. கண்மாய்க் கரை போலவே அதுவும் தண்ணீரை மறிக்கும். வித்தியாசம் என்னவென்றால், கண்மாய்க் கரையைக் கட்டியவர்கள் மடை வைத்தார்கள், மறுகால் வைத்தார்கள், எவ்வளவு தண்ணீர் எந்த வழியில் வெளியேற வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். சாலை போடுகிறவர் வைக்கும் குழாய்ப் பாலம் பல இடங்களில் பழைய வாய்க்காலின் அகலத்துக்குப் பாதிகூட இருப்பதில்லை. குப்பை அடைத்தால் அதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழை தூறிக்கொண்டே இருக்கும் மழையும் அல்ல. சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். 2024 அக்டோபர் கடைசியில் அப்படிக் கொட்டியபோது செல்லூரும் முல்லை நகரும் மூழ்கியதை மதுரை மறந்திருக்காது. கண்மாயிலிருந்து வைகைக்குத் தண்ணீர் போகும் வழி சுருங்கிப்போனதுதான் அன்றைக்கு முக்கியப் பேச்சு. உலகனேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளையையும் தல்லாகுளம் கண்மாயில் உலகத் தமிழ்ச் சங்கத்தையும் கட்டிய ஊர் இது. தண்ணீர் வழியைப் பற்றி இங்கே யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. கேட்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை, அவ்வளவே.

மண் எங்கிருந்து வருகிறது?

சாலையை உயர்த்த மண் வேண்டும். லோடு லோடாக வரும் கிராவலும் சவுடு மண்ணும் வேறொரு ஊரின் கண்மாயிலோ பட்டா நிலத்திலோ தோண்டப்பட்டவை. 2020 மார்ச் இறுதியில், நாடே ஊரடங்கில் இருந்தபோது, சாலை போன்ற ‘நேர்கோட்டுத் திட்டங்களுக்கு’ சாதாரண மண் எடுப்பதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று மத்திய அரசு விலக்கு அளித்தது. நேர்கோட்டுத் திட்டம் என்றால் எது, எவ்வளவு மண் எடுக்கலாம் என்பதற்கு எந்த வரையறையும் இல்லை. பொதுமக்களின் கருத்தும் கேட்கவில்லை. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. நான்கு வருடம் ஓடிய பிறகு. அதற்குள் தோண்டிய பள்ளத்தைத் தீர்ப்பு மூடாது.

மரங்களுக்கு மட்டும் தமிழ்நாட்டில் ஓரளவு கேள்வி உண்டு. ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு அனுமதித்தால்தான் பொது இடத்து மரத்தை வெட்டலாம். ஒன்றுக்குப் பத்துக் கன்று நட வேண்டும் என்பது வழக்கம். ஐம்பது வருடப் புளியமரத்தின் நிழலுக்குப் பதில் எங்கோ ஒரு வளாகத்தில் பத்துக் கன்று என்பது, பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நிற்பவருக்கு என்ன கணக்கோ.

இலங்கையில் எப்படி?

பக்கத்துத் தீவில் இந்தக் கோடு வேறு இடத்தில் இருக்கிறது. இலங்கையின் 1993 வர்த்தமானி அறிவித்தலின்படி, 10 கி.மீ.க்கு மேற்பட்ட தேசிய, மாகாண நெடுஞ்சாலைக் கட்டுமானம் சுற்றாடல் ஆய்வுக்கு உட்பட வேண்டிய திட்டம். ஆய்விலும் இரண்டு அளவு உண்டு: சிறிய ஆரம்பப் பரிசீலனை, பெரிய முழு மதிப்பீடு. இந்தியாவின் 100 எங்கே, இலங்கையின் 10 எங்கே?

அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தமில்லை. கொழும்பையும் காலியையும் இணைக்கும் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையை ஆராய்ந்தபோது, பொல்கொட, வெரஸ் கங்கை சதுப்பு நிலங்களைத் தவிர்க்கப் பாதையை நகர்த்தச் சொன்னார்கள். நல்ல முடிவு. ஆனால் நகர்ந்த பாதை வேறு சிலரின் வீட்டின் மேல் விழுந்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 2004-ல் இலங்கை உச்ச நீதிமன்றம், கேட்காமல் விட்டது இயற்கை நீதிக்கு விரோதம் என்று கூறி, சாலையை நிறுத்தாமல் கூடுதல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கடன் கொடுத்த ஆசிய வளர்ச்சி வங்கியின் சொந்த ஆய்வுக் குழுவே 2005-ல் வங்கி தன் விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்றது. சாலை 2011 நவம்பரில் திறக்கப்பட்டது. தப்பு நடந்தது, அந்தத் தப்பைப் பிடிக்க ஒரு காகிதமும் இருந்தது. கேள்வியே கேட்காத இடத்தில் பிடிப்பதற்கு எதுவும் இருக்காது.

கடன்காரர் கேட்டால் மட்டும்?

சிறு சாலைக்கெல்லாம் ஆய்வு என்றால் வேலை நின்றுவிடும், செலவு கூடும் என்பதுதான் வழக்கமான பதில். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு ஊருக்கான அறிக்கையைப் பெயர் மாற்றி இன்னொரு ஊருக்குக் கொடுக்கும் ஆலோசனை நிறுவனங்கள் பற்றிய புகார் பழையது. முழு அளவிலான மதிப்பீடு ஒவ்வொரு 15 கி.மீ. சாலைக்கும் வேண்டாம்தான்.

ஆனால் இதே தமிழக நெடுஞ்சாலைத் துறை, சமவெளியில் ஓடும் மாநில நெடுஞ்சாலைகளுக்கு ஏற்கெனவே சுற்றுச்சூழல் ஆய்வு செய்துகொண்டுதான் இருக்கிறது. எப்போது? கடன் வாங்கும்போது. சென்னை-கன்னியாகுமரி தொழில் வழித்தடத் திட்டத்தில் சுமார் 590 கி.மீ. மாநில நெடுஞ்சாலைகளை மேம்படுத்த 2021-ல் ஆசிய வளர்ச்சி வங்கியுடன் 48.4 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த வங்கியின் விதிப்படி, ஒவ்வொரு சாலைக்கும் ஆரம்பநிலைச் சூழல் ஆய்வு வேண்டும்: எத்தனை மரம், எந்த நீர்நிலை, மண் எங்கிருந்து, வேலை நடக்கும்போது தூசியை யார் கட்டுப்படுத்துவது. இந்தியச் சட்டம் கேட்காததை வங்கி கேட்டது, துறையும் செய்தது. வேலை நின்றுவிடவில்லை.

ஆக, முடியாது என்பதில்லை. மணிலாவில் இருக்கும் வங்கிக்குச் சொல்ல முடிந்த பதிலைக் கோச்சடையில் வரி கட்டுபவருக்கும் சொல்லலாம். 5 கி.மீ.யோ 10 கி.மீ.யோ தாண்டும் எந்த விரிவாக்கத்துக்கும், டெண்டர் விடும் முன் சில பக்கங்களில் ஒரு ஆய்வுக் குறிப்பு. தமிழில், மொபைலில் படிக்கும்படி, துறையின் இணையதளத்தில். சாலை கடக்கும் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரும் பழைய அகலமும், புதிதாக வைக்கப்போகும் பாலத்தின் அகலமும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். சாலை முடியும்போது எவ்வளவு உயரும் என்ற அளவும் வேண்டும். இதற்கு மாநில அரசின் ஒரு அரசாணை போதும். 2006 அறிவிக்கை திருந்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

அதுவரைக்கும் கையில் இருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம். கேட்கும்போது “சாலையால் பாதிப்பு உண்டா?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். மேலக்கால் சாலையில் இத்தனையாவது கிலோமீட்டரிலிருந்து இத்தனையாவது கிலோமீட்டர் வரை எத்தனை குழாய்ப் பாலங்கள், ஒவ்வொன்றின் உள்ளளவு என்ன, கடைசியாக எப்போது தூர் வாரப்பட்டது, தார் போடும் முன் சாலை சுரண்டப்பட்டதா, அதற்கான அளவுப் புத்தகத்தின் நகல். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கையில் வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே கேட்டுவிட வேண்டும்.